போக்கரில் குறிப்பறிதல்: முகத்திலிருந்து கணக்குக்கு

எதிராளியின் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை போக்கர் ஆட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றுப் படகுகள் வழியே பரவிய ஆட்டம் இது. சீட்டு மறைந்திருக்கும், பந்தயம் மட்டுமே வெளியே தெரியும். கை வெறுமையாக இருந்தும் பெருந்தொகை வைத்து மிரட்டுவது ‘பிளஃப்’. அந்த மிரட்டலை இனங்கண்டவர் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்பதைப் பிரித்தறியும் முயற்சியின் வரலாற்றையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்தின் சங்கேதச் செய்திப் பிரிவை நடத்திய ஹெர்பர்ட் யார்ட்லி, 1957இல் தம் போக்கர் அனுபவங்களை நூலாக்கினார். 1984இல் மைக் காரோ, ஆட்டக்காரர்களின் மெய்ப்பாடுகளைப் புகைப்படங்களோடு தொகுத்தார். கை வலுவானவர் சலித்துக்கொள்வார், கை மெலிந்தவர் அதட்டலாகக் காசைத் தள்ளுவார் என்பது அவருடைய அடிப்படை விதி. கூர்மையான கவனிப்புதான். ஆனால் இத்தகைய அனுபவ நூல்களைச் சான்றாகக் கொள்வதில் பெரிய இடர் ஒன்று உண்டு: பலித்த கணிப்புகள் கதையாகின்றன, பலிக்காதவை மறந்துபோகின்றன.

மறதியை விடவும் ஆழமான சிக்கல் ஆட்டத்தின் விதிக்குள்ளேயே இருக்கிறது. எதிராளியிடம் வலுவான கை இருக்கிறது என்று கணித்து நான் விலகினால், அவர் தம் சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்வார். என் கணிப்பு சரியா தவறா என்பது எனக்கு ஒருநாளும் தெரியாது. கடைசிவரை நின்று சீட்டைத் திறந்து காட்டச் செய்த ஆட்டங்களில் மட்டுமே விடை கிடைக்கும். அந்த விடைகளும் மிகக் குறைவு. நாணயத்தைச் சுண்டி முடிவெடுப்பவருக்குக்கூட 20 கணிப்புகளில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக அமைவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. அதே 60 விழுக்காட்டை 100 கணிப்புகளில் எட்டுவதற்கோ நூறில் மூன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. ஒரே இரவின் வெற்றியை வைத்து ‘எதிராளியைப் படித்தேன்’ என்று சொல்வதை ஏற்க முடியாததற்கு இந்தக் கணக்கே போதும்.

கணித உலகில் பிளஃப் பற்றிய கேள்வி முன்பே வேறு வழியில் அணுகப்பட்டிருந்தது. 1928இல் ஜான் வான் நாய்மான் எழுதிய கட்டுரையும், 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூலும் பிளஃப்பை உளவியலிலிருந்து விடுவித்தன. அவருடைய எளிய போக்கர் மாதிரியில் மிக வலுவான கைகளோடு மிக மோசமான கைகளுக்கும் பந்தயத்தை உயர்த்த வேண்டும். நடுத்தரக் கைகளுக்கு அடங்கியிருக்க வேண்டும். 1950இல் ஹரால்டு குன் இதை ஜாக்கி, ராணி, ராஜா என்ற மூன்றே சீட்டுகளுக்குச் சுருக்கினார். முதலில் ஆடுபவர் பந்தயம் கட்டாமல் விட்டால், ஜாக்கி வைத்திருக்கும் இரண்டாமவர் மூன்றில் ஒரு முறை பிளஃப் செய்ய வேண்டும் என்று அவர் கணக்கு காட்டியது. இங்கே முகத்துக்கு வேலையே இல்லை.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் இணையப் போட்டி வழியே தகுதிபெற்று உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார். இணைய ஆட்டத்தில் பார்க்க முகமில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கையும் பதிவானது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்குள் நீதிமன்றங்களும் வந்தன; சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்களாகவே கருதியது. ஆனால் ஆட்டம் திறமை சார்ந்தது என்பது ஒன்று, இந்த ஆட்டக்காரர் இந்தக் கையைப் படித்தார் என்பது வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கவனத்துக்குரியது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்தயம் வைக்கும் காட்சிகளில் முகத்தை மட்டும் பார்த்தவர்கள் கையின் வலுவைத் தவறாகவே ஊகித்தார்கள்; சில்லுகளைத் தள்ளும் கையசைவை மட்டும் பார்த்தவர்கள் ஓரளவு சரியாக ஊகித்தார்கள்.

அதிர்ஷ்டத்தை நேரடியாகக் கழிக்கும் உத்தி பிரிட்ஜ் ஆட்டத்திலிருந்து வந்தது. ஒரே சீட்டுகளை இரண்டு அறைகளில் பக்கம் மாற்றிப் பகிர்ந்துவிட்டால், நல்ல கை யாருக்கும் தனிச் சலுகை ஆகாது. 2007இல் வான்கூவரில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் போலாரிஸ் நிரல் இம்முறையில் இரு மனிதர்களை எதிர்கொண்டு நூலிழையில் தோற்றது. 2015இல் பிட்ஸ்பர்கில் கிளாடிகோ என்ற நிரலோடு 80,000 கைகள் ஆடிய நால்வர் 7,32,713 சில்லுகள் முன்னிலை பெற்றார்கள். அத்தனை கைகளுக்குப் பிறகும் அது புள்ளியியல்படி சமநிலையே என்று நிரலை உருவாக்கியவர்களால் வாதாட முடிந்தது. 2017 ஜனவரியில் அதே நகரில் லிப்ராடஸ் என்ற நிரல் 20 நாட்களில் 1,20,000 கைகள் ஆடி, 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகளால் நான்கு வல்லுநர்களை வென்றபோதுதான் வாதம் ஓய்ந்தது.

லிப்ராடஸ் யாருடைய மனத்தையும் படிக்க முயலவில்லை. மனிதர்களோ அதைப் படிக்க முயன்றார்கள். மாலையில் கூடிப் பேசி, எந்தத் தொகைக்கு அது தடுமாறுகிறது என்று மறுநாள் சோதித்தார்கள். அவர்கள் அடிக்கடி வைத்த தொகைகளுக்கான புது விடைகள் ஒவ்வோர் இரவும் மீகணினியில் கணக்கிடப்பட்டு நிரலில் சேர்க்கப்பட்டன. மனிதரின் குறிப்பறியும் திறன் உண்மையானது என்பதற்கு நான் காணும் வலுவான சான்று, அந்த இரவுத் திருத்தங்கள் தேவைப்பட்டன என்பதே.