குருத்தணுவிலிருந்து நரம்பணு

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவை ஆய்வகத்தில் நரம்பணுவாக வளர்த்து, மூளையில் அழிந்த அணுக்களுக்கு ஈடாகப் பதிக்கும் சிகிச்சை முறை. பார்க்கின்சன் நோயை முன்வைத்தே இம்முறை பெரிதும் வளர்ந்தது. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதே அந்நோயில் கை நடுங்குவதற்கும் உடல் விறைப்பதற்கும் முதன்மைக் காரணம்.

டோபமைன் குறைவை ஈடுசெய்யும் எல்-டோபாவின் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. 1937இல் சேப்பாக்கத்திலிருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். மேனியில் பட்டால் அரிப்பெடுக்கும் சுணை மூடிய காய் அது. சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் முன்பே அறிந்தது. வியன்னாவில் நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்ட சோதனை 1961இல்தான் வெளிவந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர் மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை அளந்து குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையை வளர்த்தெடுத்தனர். இன்று அணுக்களைப் பதிப்பதும் அவ்வகை அறுவையால்தான்.

1987இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் முதிர்கருத் திசு மனித மூளையில் பதிக்கப்பட்டது. அத்தகைய திசுவைப் பதித்து, 2001இல் முடிவு வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் 40 பேர் சேர்ந்தனர். வயதில் இளையவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சிலருக்குக் கட்டுக்கடங்காத அசைவுகள் வந்தன. குறை அணுக்களிலா, பதித்த விதத்திலா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

மனிதக் கருக் குருத்தணு 1998இல் வளர்க்கப்பட்டது. தோலணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பும் வழியை ஜப்பானிய விஞ்ஞானி யமனகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டினார். 2009இல் லோரன்ஸ் ஸ்டூடர் குழு இரண்டு சமிக்ஞைகளைத் தடுத்தே குருத்தணுவை நரம்பு வழிக்குத் திருப்பியது. 2011இல் அதை நடுமூளை டோபமைன் அணுவாக்கியது. கருவில் மூளை உருவாகும் வரிசையைக் கிண்ணத்தில் மீண்டும் நடத்துவதே இதன் உத்தி. அவ்வளர்ச்சியின் இடைக்கட்டத்தை அணு அணுவாகக் காட்டும் ‘தரணி’ வரைபடத்தை, 5,132 மூளைச் சீவல்களைக் கொண்டு, அடையாற்றை அடுத்த சென்னை ஐ.ஐ.டி. 2024இல் வெளியிட்டது.

கியோட்டோவில் 2018இல் தொடங்கிய சோதனையின் முடிவு 2025இல் வந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் எழுவருக்கு, யமனகாவின் வழியில் உருவான அணுக்கள் பதிக்கப்பட்டன. பலன் அளக்கப்பட்ட அறுவரில் நால்வரின் அசைவு மேம்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இதைப் பாதுகாப்புக்கான சான்றாகக் கொள்ளலாமே தவிர, பலனுக்கான முடிந்த தீர்ப்பாகக் கொள்ள இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, நரம்பு நோய்களுக்கான குருத்தணுச் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வுச் சோதனையில் மட்டுமே தரலாம்.