சி.என். 23: பழைய வாட்ச் விற்பவருக்கு ஓர் உரை

பாயிரம்

கோபாலபுரம், ராயப்பேட்டை, மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தாவின் வாட்ச் ஒன்று பீரோவில் கிடப்பது அதிசயமில்லை. சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதாவாக இருக்கலாம், ஃபேவர்-லூபா சீ சீஃப்பாக இருக்கலாம். இவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். விலை பேசி முடித்து அஞ்சலகத்துக்குப் போனால் நிரப்பச் சொல்லும் சுங்கப் படிவம்தான் சி.என். 23. வகுத்தது 1874-ல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம். மதிப்பு 300 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 35,000 ரூபாய்க்குள் என்றால் சிறிய சி.என். 22 போதும்.

ஒரு பக்கத் தாள்தான். ஆனால் இதை நம் சுங்கத்துறை படிக்கும், வாங்குபவர் நாட்டுச் சுங்கத்துறை படிக்கும், பார்சல் தொலைந்தால் இழப்பீடு தருபவர் படிப்பார். மூவருக்கும் ஒரே பதில்தான் எழுத முடியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்ப்போம்.

“அனுப்புநர், பெறுநர்”

பெயரும் முகவரியும் மட்டும் போதாது. விற்பனைக்காக அனுப்புகிறவருக்கு ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் தருவது. பான் எண்ணே இதற்கும் எண். இதோடு அஞ்சல் வழி ஏற்றுமதிக்கான பில்லும் தாக்கல் செய்ய வேண்டும். அஞ்சல் துறையின் ‘தாக் கர் நிர்யாத் கேந்திரா’க்கள் இந்த வேலைக்காக ஏற்பட்டவை. பெறுநர் பக்கத்தில் தொலைபேசி எண் அவசியம். வரி கட்டச் சொல்லி அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“உள்ளிருக்கும் பொருளின் விரிவான விவரம்”

‘பழைய வாட்ச்’ என்று எழுதினால் விவரமாகாது. ‘ஆண்கள் கைக்கடிகாரம், பயன்படுத்தியது, சாவி கொடுப்பது, எஃகு கேஸ், தோல் பட்டை, கேஸ் எண் இன்னது’ என்று எழுத வேண்டும். டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் விற்பனைக் குறிப்பிலும் பில்லிலும் அதைச் சொல்லிவிட வேண்டும். அப்படி மாற்றிய இந்திய வாட்சுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கேலியாகச் சொல்வார்கள். சொல்லாமல் விற்றால் வாட்ச் திரும்பி வரும்.

திரும்பி வரும்போதுதான் கேஸ் எண்ணின் அருமை தெரியும். வெளிநாட்டிலிருந்து வருவது எதுவானாலும் சட்டத்தின் பார்வையில் இறக்குமதி. 60,000 ரூபாய் மதிப்புள்ள வாட்சை வணிகச் சரக்காகக் கணக்கிட்டால் அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், ரூ. 12,000. அதன் மேல் 10 சதவீதச் சமூக நல மேல்வரி, ரூ. 1,200. எல்லாம் சேர்ந்த தொகைக்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., ரூ. 13,176. ஆக மொத்தம் ரூ. 26,376. சொந்த வாட்சுக்கே இவ்வளவு! இங்கிருந்து போன அதே பொருள்தான் திரும்பியிருக்கிறது என்று நிரூபித்தால் இந்த வரியிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. அதற்கு மூன்றாண்டு வரம்பு. நிரூபிப்பது எதை வைத்து? போகும்போது எழுதிய எண்ணை வைத்துத்தான்.

“நிகர எடை”

பெட்டி நீங்கலாக வாட்சின் எடை. சமையலறைத் தராசு போதும்.

“மதிப்பு”

விற்ற விலையை எழுத வேண்டும். தாத்தா 1965-ல் கொடுத்த விலையையோ வாங்குபவர் எழுதச் சொன்ன விலையையோ அல்ல.

சேகரிப்பாளர் ஒருவர் ஜெர்மனியில் 600 யூரோவுக்கு வாங்குகிறார், அஞ்சல் செலவு 30 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்வகை வாட்சுக்குச் சுங்க வரி 4.5 சதவீதம் என்றாலும், ஒரு வாட்சுக்கு 80 சென்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. ஆகவே சுங்கம் வெறும் 0.80 யூரோ. பயப்பட வேண்டியது அடுத்த வரிக்குத்தான்: 630.80 யூரோவுக்கு 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி, சுமார் 120 யூரோ. ‘டியூட்டி ஒன்றும் இல்லை சார்’ என்று விற்பவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. வாங்கியவர் கதவருகே 120 யூரோ எடுத்து வைத்ததும் உண்மை. சண்டை பிறப்பது இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான்.

“சுங்க வரிக் குறியீட்டு எண்”

உலகம் முழுக்க வாட்சும் கடிகாரமும் 91-ம் அத்தியாயம். கேஸ் தங்கம், வெள்ளி அல்லது பிளாட்டினம் என்றால் 9101; மற்றவை 9102. தங்க முலாம் பூசியது தங்கமாகாது, 9102 தான். மெஷின் ஆட்டோமேட்டிக் என்றால் 9102.21, சாவி கொடுப்பது என்றால் 9102.29. இந்த ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. விகிதம்தான் நாட்டுக்கு நாடு வேறு.

“பொருள் தோன்றிய நாடு”

பலர் தவறுவது இந்தக் கட்டத்தில். எந்த நாட்டிலிருந்து அனுப்புகிறீர்கள் என்பது கேள்வியல்ல. எந்த நாட்டில் செய்தது என்பதே கேள்வி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவன ஒத்துழைப்போடு 1961-ல் தொடங்கிய பெங்களூர்த் தொழிற்சாலையில் செய்த எச்.எம்.டி.க்கு ‘இந்தியா’. ஐம்பது வருஷம் கோபாலபுரத்தில் ஓடியிருந்தாலும் ஃபேவர்-லூபாவுக்கு ‘சுவிட்சர்லாந்து’. அமெரிக்கச் சுங்கம் வாட்சின் மெஷின் எங்கே செய்யப்பட்டது என்று பார்த்து நாட்டைத் தீர்மானிக்கும்.

இந்த ஒரு சொல் எவ்வளவு பணம் என்பதை 2025 காட்டியது. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீதம், சுவிஸ் பொருளுக்கு 39 சதவீதம் கூடுதல் வரி வசூலித்தது. நவம்பரில் சுவிஸ் விகிதம் 15-க்கு இறங்கியது. 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கும் ஆகஸ்ட் 29-ல் போயிற்று. யார் வசூலிப்பது, எப்படி என்பதே தெளிவாகாமல் இந்திய அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் நடுவில்தான் மறுபடி எடுத்தது. போன மாத விகிதத்தை நம்பி இந்த மாதம் விலை சொல்லாதிருப்பது நல்லது.

“பொருளின் வகை: பரிசு, ஆவணம், மாதிரி, விற்பனைப் பொருள், திரும்பிய பொருள், பிற”

‘கிஃப்ட்னு போட்டுடுங்க, மதிப்பு நாற்பது யூரோன்னு எழுதுங்க’ என்று கேட்கும் வாங்குபவர் கட்டாயம் வருவார். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியாருக்குள் அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ வரை வரி இல்லை, அதனால்தான் நாற்பது. வரி மிச்சம் அவருக்கு. பொய்க் கையெழுத்து உங்களுக்கு. பார்சல் காணாமல் போனால் இழப்பீட்டுக்கு அடிப்படை அந்த நாற்பதுதான். காசு கைமாறிய பொருள் பரிசாகாது. ‘விற்பனைப் பொருள்’ என்ற கட்டத்தில் குறியிடுவதே முறை.

“உரிமம், சான்றிதழ், பில்”

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, வயது. நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். அத்தகையதைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஐயம் இருந்தால் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்று கேட்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே நூறாண்டைத் தாண்டிய பொருள் 9706 என்ற தலைப்பில் போனால் அமெரிக்காவில் சாதாரணச் சுங்க வரி கிடையாது. நூறு என்ற ஒரே எண் இங்கே பூட்டு, அங்கே சாவி.

இரண்டு, பட்டை. முதலைத் தோல் என்றால் சைட்டீஸ் எனப்படும் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் அனுமதி தேவைப்படும். கழற்றிவிட்டு வாட்சை மட்டும் அனுப்புவது எளிது.

மூன்று, பழைய பில். சுங்கச் சட்டம் 1962-ன் 123-ம் பிரிவு, கடத்தல் பொருள் என்று நியாயமாக நம்பிக் கைப்பற்றினால், அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை வைத்திருப்பவர் தலையில் வைக்கிறது. அந்தப் பிரிவு தங்கத்தோடு சேர்த்துப் பெயர் சொல்லும் பொருள் வாட்ச். வெளிநாட்டு வாட்ச் கள்ளத்தனமாக வந்து சென்னை பர்மா பஜாரில் விற்ற காலத்தின் அச்சம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. தாத்தாவின் பில்லோ உத்தரவாதச் சீட்டோ கிடைத்தால் குப்பையில் போட வேண்டாம்.

“மேற்கண்ட விவரங்கள் சரியானவை என்று சான்றளிக்கிறேன்”

கையொப்பம் அனுப்புநருடையது. பொய் விவரத்துக்கு, பொருளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கச் சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவு இடம் தருகிறது. இந்த வாசகத்தின் கீழ் சங்கடமில்லாமல் கையெழுத்திட ஒரே வழிதான் உண்டு. பணம் வாங்குவதற்கு முன்பே படிவத்தை நிரப்பி, வாங்குபவருக்குப் படமெடுத்து அனுப்பி, ‘இதுதான் எழுதப் போகிறேன், உங்கள் ஊரில் இவ்வளவு வரி வரலாம், அது உங்கள் செலவு’ என்று சொல்லிவிட வேண்டும். கேட்டபின் விலகுகிறவர் விலகட்டும். அவர் எப்படியும் வாட்சைத் திருப்பி அனுப்பியிருப்பார்.