கிண்டலுக்குத் தந்த பரிசு

எங்கள் கோலியனூர் பக்கம் பேண்டு செட்டில் சாக்ஸபோன் புதிதல்ல. கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கும். மண்டபத்து வாசலோடு அதன் வேலை முடிந்தது, உள்ளே நாதஸ்வரம்தான்.

அந்த வாசலைத் தாண்டியவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கத்துக்காரர், நாதஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டதிலிருந்து அதையே பிடித்துக்கொண்டார். பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம்.

சாக்ஸில் கர்நாடக இசை வாசிப்பது லேசுப்பட்ட காரியமா? நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடலாம், சீவாளியில் காற்றை அடக்கலாம், ஸ்வரம் குழையும். சாக்ஸில் துளையை மூடுவது விரல் அல்ல, சாவியோடு பொருத்திய மூடி. ஒவ்வொரு ஸ்வரமும் நறுக்கி வைத்தாற்போல் தனியாக நிற்கும். அதில் கமகம் என்கிற அந்தக் குழைவைக் கொண்டுவர உதட்டையும் மூச்சையும்தான் நம்ப வேண்டும். கோபால்நாத் கொண்டுவந்தார். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ராவில் அவரைக் கேட்ட அமெரிக்க சாக்ஸ் கலைஞர் ஜான் ஹேண்டி, கூடச் சேர்ந்து வாசிக்க மேடையேறினார்.

அவருடைய 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்' ஆல்பம் அமெரிக்காவில் ஜாஸ் படித்துக்கொண்டிருந்த ருத்ரேஷ் மகந்தப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. இந்திய வம்சாவளி, வளர்ந்தது கொலராடோவில். ஆல்பத்தைக் கொடுத்த அண்ணன் கிண்டலுக்குத்தான் கொடுத்தாராம். தம்பி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் உடனே ஓடிப்போய்க் கூட்டுச் சேரவில்லை. அந்த நிதானம்தான் எனக்குப் பிடித்தது. ஃப்யூஷன் என்று பெயர் வைத்து, ராகத்தின் மேல் ட்ரம்ஸைத் தெளித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பல வருடம் கழித்து, நியூயார்க் ஏஷியா சொசைட்டி ஆதரவில் இருவரும் சேர்ந்தார்கள். கன்யாகுமரியின் வயலின், பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், எதிர்வரிசையில் கிடார், பாஸ், ட்ரம்ஸ். 2008இல் 'கின்ஸ்மென்' ஆல்பம் வந்தது.

இந்தச் சேர்க்கையில் எலக்ட்ரானிக்ஸ் வந்தது அதற்குப் பிறகு. 2007இல் கிடைத்த குகன்ஹைம் நல்கையை வைத்துக்கொண்டு மகந்தப்பா கர்நாடக இசையை இன்னும் ஆழமாகப் படித்தார். அதன் விளைவு 'சந்தி', 2011. சாக்ஸ் அவர் கையில், லேப்டாப்பும் அவரிடமே. டேவிட் கில்மோர் எலக்ட்ரிக் கிடார், ரிச் பிரவுன் எலக்ட்ரிக் பாஸ், டேமியன் ரீட் ட்ரம்ஸ். மிருதங்கத்துக்கும் கஞ்சிராவுக்கும் பாலக்காடு ரகுவின் பேரன் ஆனந்த் அனந்தகிருஷ்ணன்.

அதில் 'மீட்டிங் ஆஃப் த ஸ்கின்ஸ்' என்றொரு துண்டு. ட்ரம்ஸும் நம் தோல் வாத்தியமும் மட்டும் பேசிக்கொள்ளும், தனி ஆவர்த்தனம் போல. ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்கும் அது பிடிபடும்.

கோபால்நாத் 2019 அக்டோபரில் காலமானார். கேட்க நினைப்பவர்கள் 'கின்ஸ்மென்'னில் தொடங்குங்கள், 'சந்தி' அப்புறம். வரிசை மாறினால் லேப்டாப் சத்தம்தான் காதில் நிற்கும்.