சில்லிலிருந்து எழுந்த நாற்றம்



நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதையை உங்களிற் பலர் அறிவீர்கள். லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, வளைவுக்கு வளைவு பள்ளத்தை நோக்கி விழுவதுபோற் செல்லும் அப்பாதையில், ஒருநாள் நண்பர் ஒருவருடைய காரிலே நாங்கள் நால்வர் வந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் ஒரு நாற்றம் எழுந்தது. பழஞ் சாக்கைத் தணலிலே போட்டாற்போன்ற நாற்றம். மூக்கிலே காரமாகப் பிடித்தது. பின்னாலிருந்த ஒருவர், தோட்டத்திலே குப்பை எரிக்கிறார்கள் என்றார். வண்டியை ஓட்டிய நண்பரோ, "மலையிறக்கத்தில் இது வழக்கந்தானே" என்று எங்களை அமைதிப்படுத்தினார். அவர் கூறியதிலே பாதி உண்மை இருந்தது. மற்றப் பாதியை அறிந்துகொள்ள நாங்கள் கம்பளை வரையிற் செல்ல வேண்டியிருந்தது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன். அந்த நாற்றத்துக்கு நீண்டதொரு சரித்திரம் உண்டு. முதலில் அதனைப் பார்ப்போம்.

ஓடுகின்ற வண்டியை நிறுத்துவது என்றால் என்ன? அதன் ஓட்டத்திலுள்ள சக்தியை வேறொன்றாக மாற்றுவதே. சக்தி அழிவதில்லை, உருமாறுகிறது என்று வகுப்பறையிலே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பிறேக்கை மிதிக்கும்போது அந்தச் சக்தி உராய்வினால் வெப்பமாக மாறுகிறது. ஆயிரம் கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு வந்து சேரும்போது 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் அந்நிறையின் சக்தி முழுவதும் வெப்பமானால், ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒரு கலியாண வீட்டு அண்டாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வெப்பத்தில் ஒரு பகுதியை எதிர்க்காற்றும், தாழ்ந்த கியரிலே செல்லும்போது எஞ்சினும் ஏற்றுக்கொள்கின்றன. மிகுதி அனைத்தும் நான்கு சில்லுகளுக்குள்ளே இருக்கும் சில இறாத்தல் இரும்பின்மீதும், அதனை அழுத்துகின்ற மெல்லிய பட்டைகளின்மீதும் வந்து விழுகிறது. நாங்கள் நுகர்ந்த நாற்றம் அந்த அண்டாவின் அடுப்பிலிருந்து வந்ததே.

குதிரை வண்டிக் காலத்தில் இவ்வேலையைச் செய்தது மரக்கட்டை. சில்லைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டத்தின்மீது ஒரு நெம்புகோலால் மரக்கட்டையை அழுத்துவார்கள். நீண்ட இறக்கத்தில் மரம் கருகும், புகையும், தேயும். ஆயினும் குதிரை தானே தன் வேகத்தை அடக்கிக்கொள்ளும் பிராணி. இயந்திரத்துக்கு அந்தப் புத்தி கிடையாது.

இக்குறையை முதன்முதலில் வழியிலே கண்டு வழியிலேயே திருத்தியவர் ஒரு பெண். ஜேர்மனியிலே காள் பென்ஸ் என்பவர் 1886 ஆம் ஆண்டில் மூன்று சில்லு மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதனை வாங்க ஆட்கள் முன்வரவில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமலே, இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமிலுள்ள தம் தாயார் வீட்டுக்கு அவ்வண்டியிலே புறப்பட்டார். தூரம் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். மலைச்சரிவுகளில் மரத்தாலான பிறேக்குக் கட்டைகள் தேய்ந்து பிடியாதொழிந்தன. அம்மையார் ஒரு கிராமத்திலே சப்பாத்துத் தைப்பவரிடம் வண்டியைக் கொண்டுசென்று, கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணியடிக்கச் செய்தார். பிறேக் லைனர் என்று இன்று நாம் கடையிலே கேட்டு வாங்கும் பொருளின் பிறப்பு அதுதான். சரித்திரப் புத்தகங்கள் இப்பயணத்தை ஒரு பெண்ணின் துணிச்சல் என்று எழுதிவிட்டு அப்பாலே சென்றுவிடுகின்றன. வண்டியின் நோயைக் கண்டறிந்து மருந்தும் இட்டவர் அவர் என்பதை எழுதுபவர் குறைவு. மலையேற இன்னுமொரு தாழ்ந்த கியர் வேண்டும் என்று கணவருக்கு எடுத்துரைத்தவரும் அவரே.

தோலினாலும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தோலும் கருகும். இங்கிலாந்தின் டார்பிசயர் மலைப்பகுதியில் ஹேர்பட் புறூட் என்ற ஒருவர் இருந்தார். அங்குள்ள வண்டிக்காரர் பழைய சப்பாத்துகளின் தோலைப் பிறேக்குக் கட்டைகளிலே அறைந்துகொண்டு சரிவிலே இறங்குவதை அவர் கவனித்தார். இதைவிட நல்ல பொருள் ஒன்று செய்யலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1897 ஆம் ஆண்டளவில் தம் வீட்டருகே ஒரு கொட்டிலிலே பரிசோதனைகளைத் தொடங்கினார். பருத்தித் துணியைப் பல மடிப்பாக அடுக்கி, பிசின் முதலியவற்றை ஊட்டி இறுக்கிய பட்டைகளை உண்டாக்கினார். தம் குடும்பப் பெயரின் எழுத்துக்களை இடம்மாற்றி, மனைவி எலிசபெத்தின் பெயரிலுள்ள முதலெழுத்தையும் நடுவிலே சேர்த்துப் "பெறோடோ" என்ற வணிகப் பெயரை ஆக்கினார். நம் நாட்டுக் கராஜ்களிலும் அப்பெயர் அறியப்பட்டதே. அதற்குள்ளே ஒரு மனைவி ஒளிந்திருக்கிறாள் என்பதைத்தான் பலரும் அறியார்.

குதிரை வண்டிக்குப் பருத்தி போதும். மோட்டார் பஸ்ஸுக்கும் காருக்கும் அது போதவில்லை. ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டியதும் பருத்தி கருகத் தொடங்கிவிடும். நெருப்புக்கு அஞ்சாத நார் ஒன்று வேண்டும். அத்தகைய நார் பூமியிலேயே கிடந்தது. தமிழிலே கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டஸ் அது. 1908 இல் புறூட் கல்நாரைப் பித்தளைக் கம்பியோடு சேர்த்து நெய்து, பிசினூட்டிப் பட்டையாக்கினார். அதன்பின் ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டுகள் உலகத்தின் மோட்டார் வண்டிகளெல்லாம் பெரும்பாலும் கல்நாரினாலேயே நின்றன.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கல்நார் எரிவதில்லை, ஆனால் அதனைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் எரியும். வெவ்வேறு நார்களைக் கொண்ட இன்றைய லைனர்களிலும் அப்படியே. நம் மூக்கிற்படுவது பிசின் தீயும் நாற்றமே. பிசின் தீயும்போது வாயு வெளிப்படுகிறது. அவ்வாயுவும் வெப்பமும் சேர்ந்து பட்டையின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. சாரதி மிதிக்கிறார், வண்டி நிற்பதில்லை. வெப்பம் இன்னும் உள்ளே சென்று பிறேக் எண்ணெயைக் கொதிக்க வைத்தால், மிதிபலகை தரைவரை தாழ்ந்துபோகிறது. ஆகையால் நாற்றம் என்பது கேடு வந்தபின் எழும் புலம்பலன்று. கேட்டுக்கு முன்னே வரும் தூதுவன்.

அத்தூதுவனின் குரல் எட்டாத இடமும் உண்டு. 1963 செப்ரெம்பர் 4 ஆம் நாள் காலையில், சுவிற்சர்லாந்தின் சூரிச் விமான நிலையத்தில் கடும் பனிமூட்டம். ஜெனீவாவுக்குப் புறப்பட இருந்த கரவெல் ரக ஜெற் விமானத்தின் ஓட்டிகள், எஞ்சின்களின் வெம்மையான காற்றினால் மூடுபனியைக் கலைக்க எண்ணினார்கள். எஞ்சின்களை வேகமாக இயக்கி, அதே வேளையிற் பிறேக்குகளையும் பிடித்தபடி, ஓடுபாதையிலே மெல்லச் சென்று திரும்பினார்கள். பிறேக்குகள் அளவுமீறிச் சூடேறின. சில்லுகளோ பின்னே, இறக்கையின் கீழே. அவற்றின் நிலையை ஓட்டிகளுக்கு அறிவிக்க எதுவுமில்லை. விமானம் எழும்பும் தறுவாயிற் சில்லு ஒன்று உடைந்தது. பின்னர்த் தீ மூண்டு விமானத்தின் முக்கியமான குழாய்களை அழித்தது. பத்து நிமிடத்துக்குள் டூறனெஷ் என்ற ஊரருகே விமானம் வீழ்ந்து, அதிலிருந்த 80 பேரும் மாண்டனர். அவர்களுள் 43 பேர் ஹும்லிக்கோன் என்ற ஒரே கிராமத்தவர். வேளாண்மை முறைகளைப் பார்த்துவரச் சென்ற கமக்காரர்களும் அவர்தம் துணைவியரும். அக்கிராமத்தின் மொத்தச் சனத்தொகையே இருநூற்றுச் சொச்சம். அவ்வாண்டு அறுவடைக்கு வெளியூரார் வந்து உதவ வேண்டியிருந்தது. ஒரு சில்லின் சூடு ஓர் ஊரையே வெறிதாக்கியது.

கார்களின் கதையில், வெப்பத்தை வெளியே விடும் வழி வேறொன்றாக வளர்ந்தது. மூடிய டிறத்துக்குள்ளே சூட்டை அடைத்துவைப்பதற்குப் பதிலாக, திறந்த தட்டு ஒன்றை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் முறைக்கு இங்கிலாந்தின் பிறெடறிக் லாஞ்செஸ்ரர் 1902 இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அக்காலத்துப் பொருள்களினால் அது கீச்சிட்டுக் கத்தியது. அரை நூற்றாண்டு கழித்து, 1953 இல், பிரான்சின் லே மான்ஸ் நகரில் நடைபெறும் 24 மணி நேர ஓட்டப் போட்டியிலே தட்டுப் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதனை மதித்தது. இன்று பெரும்பாலான கார்களின் முன்சில்லுகளில் இருப்பது அதுவே. பின்சில்லுகளில் டிறமும் இன்னும் பலவற்றில் உண்டு.

கல்நாருக்குத் திரும்புவோம். அது சூட்டை வென்றது. ஆனால் நாற்றமில்லாத வேறொரு கேட்டைத் தன்னுள் வைத்திருந்தது. கல்நாரின் தூசு கண்ணுக்குப் புலப்படாத ஊசிகளாகச் சுவாசப்பையிற் புகுந்து அங்கேயே தங்கிவிடும். இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே தன் வேலையைக் காட்டும். 1924 இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே கல்நார் நூற்கும் ஆலையில் வேலைசெய்த நெலி கேர்ஷோ என்ற பெண் 33 வயதிலே சுவாசநோயால் இறந்தாள். அவளுடைய சுவாசப்பையைச் சோதித்த வைத்தியர் குக் அதிலே கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ ஏட்டிலே எழுதினார். 1930 இல் அரசாங்கத்தின் பேரிலே மெறிவெதர், பிறைஸ் என்னும் இருவர் 363 தொழிலாளரைச் சோதித்து, காற்பங்குக்கு மேற்பட்டோரின் சுவாசப்பைகள் தழும்பேறியிருப்பதை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டிலே சட்டவிதிகள் வந்தன. அவை ஆலைகளைப் பற்றியவை. கராஜிலே சில்லைக் கழற்றி, டிறத்திலே படிந்த தூசை ஊதித் தள்ளிய மனிதனை அவ்விதிகள் எண்ணிப் பார்க்கவில்லை. பிறேக்கின் கடுஞ்சூட்டிலே கல்நாரின் பெரும்பகுதி வேறு கனிப்பொருளாக மாறிவிடுகிறது என்பது உண்மை. ஆயினும் முழுவதும் மாறுவதில்லை. பிரித்தானியாவிலே கல்நார் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999 இலேதான். நெலி கேர்ஷோ இறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து! அறியாமையாற் சென்ற காலம் எவ்வளவு, அறிந்தும் வாளாவிருந்த காலம் எவ்வளவு என்று நான் மேல்வகுப்பு மாணவரைக் கணக்கிடச் சொல்வதுண்டு.

இனி எங்கள் காருக்கு வருவோம். புசல்லாவையைக் கடந்து கம்பளையின் சமதரைக்கு வந்தபின்னும் நாற்றம் போகவில்லை. நண்பரின் பாதி உண்மை அங்கே முடிந்தது. சரிவிலே நாற்றம் எழுந்தால் நின்று ஆறவிட்டுத் தாழ்ந்த கியரிலே செல்லலாம். சமதரையிலும் தொடர்ந்தால் எங்கோ ஒரு சில்லு விடுபடாமல் இழுபடுகிறது என்பது பொருள். வீதியோரத்திலே ஒரு சிறு கராஜைக் கண்டு நிறுத்தினோம். அங்கிருந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். நண்பர் ஒரு வாளி தண்ணீரை எடுத்துச் சில்லின்மேல் ஊற்றப்போனார். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். சூடேறிய வார்ப்பிரும்பு வெடித்துவிடும் என்றார். பின்னர் நான்கு சில்லுகளையும் சுற்றிவந்து, புறங்கையை ஒவ்வொன்றின் அருகேயும் தொடாமற் பிடித்துப் பார்த்தார். மூன்று சில்லுகள் இளஞ்சூடு. இடப்பக்கத்துப் பின்சில்லின் அருகே கையை வைக்க முடியவில்லை.

மூக்கினாலேயே பாதியை அறியலாம் என்றார் அவர். இறப்பர் நாற்றமானால் ரயர் எங்கோ உரசுகிறது. எண்ணெய் கருகும் நாற்றமானால் கிறீஸோ எண்ணெயோ கசிந்து சூடான இடத்திற் படுகிறது. சில்லினுள்ளிருந்து ஊளைச் சத்தமும் கேட்டு, சில்லை ஆட்டும்போது அசைவும் இருந்தால், பெயரிங் போய்விட்டது. புதிதாகப் பூட்டிய லைனர் முதற் சில நாட்கள் மணப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எங்களுடையது இவை எவற்றிலும் சேராத, சாக்குத் தீயும் நாற்றம்.

சில்லு ஆறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வண்டியை ஜாக்கியிலே உயர்த்திக் கையாற் சுழற்றியபோது அச்சில்லு சுழலவில்லை. கைப்பிறேக்கின் கம்பி, தன் உறைக்குள்ளே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நுவரெலியாவின் ஈரத்திலே இரண்டு நாள் கைப்பிறேக்கை இழுத்துவிட்டு நிறுத்தியிருந்தோம். விடுவித்தபோது உள்ளே அது விடுபடவில்லை. அன்று காலை முதல் அந்தச் சில்லு பிறேக் பிடித்தபடியே ஓடி வந்திருக்கிறது.

டிறத்தைக் கழற்றியதும் கரிய தூசு ஒரு கைப்பிடியளவு இருந்தது. பெரியவர் அதனை ஊதவில்லை. நீரிலே நனைத்த துணியொன்றை எடுத்துவந்து, தூசு பறக்காமல் ஒற்றி ஒற்றித் துடைத்து, அத்துணியை ஒரு பையிலிட்டுக் கட்டினார். இப்போதைய லைனர்களிலே கல்நார் இல்லையென்று சொல்கிறார்களே என்றேன்.

"பெட்டியிலே எழுதியிருப்பதை நம்பலாம் சேர். பழைய வண்டியிலே யார் எப்போது எதைப் பூட்டினார்கள் என்று எனக்குத் தெரியாதே" என்றார்.

அவருக்குத் தொழில் பழக்கியவர் ஒவ்வொரு டிறத்தையும் வாயால் ஊதித்தான் துப்புரவாக்குவாராம். ஐம்பத்தெட்டு வயதிலே மூச்செடுக்க முடியாமல் இறந்துபோனாராம். சுருட்டுக் குடித்திருப்பார் என்று ஆசுபத்திரியிலே சொன்னார்களாம். அவர் ஒருநாளும் சுருட்டைத் தொட்டவரல்லர்.

கம்பியின் பிடியை விடுவித்து, புதியது கிடைக்கும்வரை கைப்பிறேக்கை இழுக்க வேண்டாமென்று சொல்லி எங்களை அனுப்பினார். பேராதனைப் பாலம் வரைக்கும் ஒவ்வொரு மைலுக்கும் கண்ணாடியை இறக்கி முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தோம்.