துடுப்புச் சட்டமும் தாய்ச்சுறாவும்: இந்தியச் சுறா மேலாண்மைக்கு ஒரு மாற்று அளவுகோல்

சுறாக்களைக் காக்கும் இந்தியச் சட்டங்கள் கடந்த கால் நூற்றாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தவை. 2001 ஜூலையில் நடுவண் அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. கடற்கரையெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. துடுப்புகளை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக்கூடாது, சுறாவை முழு உடலாகவே கரைசேர்க்க வேண்டும் என்ற கொள்கை 2013-இல் வந்தது. 2015 பிப்ரவரியில் எல்லாச் சுறா இனங்களின் துடுப்பு ஏற்றுமதிக்கும் தடை விதிக்கப்பட்டது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் மேலும் பல இனங்களைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்ததோடு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இடம்பெற்ற உயிரினங்களுக்கெனத் தனி அட்டவணையையும் அமைத்தது. இவற்றை வரிசையாகப் படிக்கும்போது ஒரு பொதுக்கூறு புலப்படுகிறது. இனத்தின் பெயரையோ விற்கப்படும் பண்டத்தையோ இச்சட்டங்கள் கண்காணிக்கின்றன; சுறா எந்த வலையில், எந்த வயதில், எந்த நிலையில் சாகிறது என்பதை அவை கேட்பதில்லை. அந்தக் கேள்வியையே மேலாண்மையின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும், குறிப்பாகத் தாய்ச்சுறாவும் குட்டியும் எவ்வளவு பிடிபடுகின்றன என்பதைக் கொண்டு கொள்கையின் வெற்றி தோல்வியை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பண்டத்தைக் கண்காணிப்பதில் உள்ள அடிப்படைக் குறை, பண்டம் மாறிக்கொண்டே இருப்பது. இரண்டாம் உலகப் போரின்போது காட் மீன் ஈரல் எண்ணெயின் வரத்து தடைபட்டது. அதனால் உயிர்ச்சத்து ஏ-க்காகச் சுறா ஈரலை நாட வேண்டிவந்தது. சென்னை மாகாண அரசும் கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரித்தது. அதே தேவைக்காகக் கலிபோர்னியக் கடலில் சூப்ஃபின் என்னும் சுறா வேட்டையாடப்பட்டு, சில ஆண்டுகளிலேயே அதன் பிடிப்பு சரிந்து வீழ்ந்தது. உயிர்ச்சத்தைச் செயற்கையாகத் தயாரிக்க முடிந்ததும் ஈரலின் மதிப்பு போயிற்று. பின்னர் ஹாங்காங்கை மையமாகக் கொண்ட துடுப்பு வணிகம் ஓங்கியது. நம் கடற்கரையில் பீலி என்று வழங்கும் அந்தத் துடுப்பு, சுறாவின் மற்ற உறுப்புகள் எல்லாவற்றையும்விட விலை மிகுந்ததாயிற்று. இன்று இறைச்சியின் முறை. 2012 முதல் 2019 வரையிலான உலக வணிகத்தில் சுறா, திருக்கை இறைச்சியின் மதிப்பு சுமார் 260 கோடி டாலர் என்றும் துடுப்பின் மதிப்பு சுமார் 150 கோடி டாலர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது. ஈரல், துடுப்பு, இறைச்சி என்று சந்தை மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் செத்தது அதே விலங்குதான். ஒரு பண்டத்துக்கு மட்டும் தடைபோடும் சட்டம், மற்றொரு பண்டத்துக்கான வேட்டையைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

உலக அளவிலான சான்றும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1970-க்குப் பிறகு ஆழ்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வெளியான மற்றொரு மதிப்பீடு, குருத்தெலும்பு மீன் இனங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதைத் தெரிவித்தது. துடுப்பறுப்பைத் தடுக்கும் சட்டங்கள் இக்காலத்தில் பத்து மடங்கு பெருகின. ஆனால் மீன்பிடிப்பால் இறக்கும் சுறாக்களின் எண்ணிக்கை 2012-இல் ஏறத்தாழ 7.6 கோடியாக இருந்து 2019-இல் ஏறத்தாழ 8 கோடியாக உயர்ந்தது என்று போரிஸ் வோர்ம் தலைமையிலான குழு 2024-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. இறப்பு ஆழ்கடலில் ஓரளவு குறைந்து, கரையோரக் கடலில் கூடியிருக்கிறது. துடுப்பறுப்புத் தடை பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. உயிரோடு துடுப்பறுத்து வீசும் கொடுமையை அது குறைத்தது. கரைசேரும் சுறா எந்த இனம் என்று அறியவும் உதவியது. முழு உடலையும் கரைசேர்க்கச் சொன்ன விதி, முழு உடலுக்கும் ஒரு சந்தை உருவாக இடம்தந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இந்தியக் கரையில் இக்குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது, ஏனெனில் இங்கே சுறா முதலிலிருந்தே இறைச்சி மீன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று சுறாப்புட்டு செய்துகொடுக்கும் தமிழக வழக்கத்துக்கும் ஹாங்காங்கின் துடுப்பு விருந்துகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. இந்திய உணவகங்களின் உணவுப் பட்டியல்களை ஆராய்ந்த அண்மைய ஆய்வும் சுறா இறைச்சி பரிமாறுவதில் கோவாவும் தமிழ்நாடும் முன்நிற்பதைக் காட்டுகிறது. சுறாவை மட்டுமே நாடி ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடல் செல்லும் தூத்தூர் வட்டார மீனவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் சில ஊர்களுக்குரிய தனித்திறனாளர்கள். நாட்டின் சுறாப் பிடிப்பில் பெரும்பகுதி, வேறு மீனுக்கு விரித்த செவுள்வலையிலும் இறாலுக்கு இழுத்த மடியிலும் தற்செயலாக வந்து சேர்வது. சுறாவையும் திருக்கையையும் உள்ளடக்கிய குருத்தெலும்பு மீன்களின் இந்தியப் பிடிப்பு 1998-இல் சுமார் 75,000 டன்னைத் தொட்டது. பின்வந்த ஆண்டுகளில் அது 50,000 டன்னுக்குக் கீழே இறங்கியது. இதே காலத்தில் படகுகளின் திறனும் கடலில் தங்கும் நாட்களும் கூடின என்பதால், இந்தச் சரிவைப் பாதுகாப்பின் பலனாக எடுத்துக்கொள்ள இயலாது. ஏற்றுமதித் தடை வந்து மூன்றாண்டுகள் கழிந்த 2018-இலும் மும்பையிலும் குஜராத்திலும் வருவாய்ப் புலனாய்வுத் துறை சுமார் 8,000 கிலோ துடுப்பைக் கைப்பற்றியது. தடை வணிகத்தை மறைவிடத்துக்குத் தள்ளியது; மீனவருக்குக் கிடைத்த விலையைக் குறைத்தது. வலையில் விழும் சுறாவின் எண்ணிக்கையைக் குறைக்கும் பொறிமுறை எதுவும் அத்தடைக்குள் இல்லை.

தாய்ச்சுறாவை அளவுகோலாகக் கொள்வதற்கான காரணம் சுறாவின் உடலியலில் இருக்கிறது. ஒரு வஞ்சிரம் லட்சக்கணக்கில் முட்டையிடும். அவற்றில் ஒரு சிறு பங்கு பிழைத்தாலே வளம் மீளும். சுறாக்களில் பெரும்பாலானவை மாதக்கணக்கில் கருச்சுமந்து, விரல்விட்டு எண்ணத்தக்க குட்டிகளை ஈனுகின்றன. உடலளவு நீண்ட வால் கொண்ட திரெஷர் சுறா ஓர் ஈற்றில் ஈனுவது பெரும்பாலும் இரண்டே குட்டிகள். ஆனால் எல்லாச் சுறாக்களும் ஒரே தன்மையவை அல்ல. பால்சுறா என்று வழங்கும் சிறு சுறாக்கள் ஓரிரு ஆண்டுகளில் பருவமடைபவை; அளவறிந்த பிடிப்பை அவை தாங்கும். இவ்வேறுபாட்டின் விளைவைத் தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் தெளிவாகக் காணலாம். அங்கே கம்மி சுறா, பள்ளிச்சுறா என்னும் இரண்டும் ஒரே மீன்பிடிப்பில் சிக்கின. கம்மி சுறா ஐந்தாண்டு அளவில் பருவமடைவது. ஆறு, ஆறரை அங்குலக் கண்ணி கொண்ட செவுள்வலை நடுத்தர அளவுள்ளவற்றைப் பிடித்து, பெரிய தாய்களை விட்டுவிட்டதால் அதன் வளம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. பள்ளிச்சுறாவின் பெண் பருவமடையப் பத்தாண்டுக்கு மேலாகிறது. அது ஆண்டுதோறும் ஈனுவதுமில்லை. அதன் வளம் சரிந்து, மீட்புத் திட்டத்தின்கீழ் வைக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ஈரலுக்காக வீழ்ந்த சூப்ஃபினும் இந்தப் பள்ளிச்சுறாவும் ஒரே இனம் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் ஈரலுக்காகவும் மற்றோரிடத்தில் இறைச்சிக்காகவும் பிடிபட்ட அவ்வினம் இரண்டு இடத்திலும் சரிந்தது. பண்டம் வேறாயினும் முடிவு ஒன்றாக இருந்ததற்குக் காரணம், தாய்கள் தப்ப வழியில்லாமற்போனதே.

தமிழ் மரபிலும் இதற்கு ஒரு பழஞ்சான்று உண்டு. பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. கொம்பு என்று நட்டுவைக்கத்தக்க உறுப்பு, வேளா எனப்படும் வாள்மீனின் பல்வரிசை கொண்ட நீள்மூக்கே எனக் கொள்வது பொருந்தும். விலங்கியல் வகைப்பாட்டில் வேளா திருக்கை இனத்தைச் சேர்ந்ததாயினும் மக்கள் வழக்கில் அதற்குச் சுறாவோடு உறவு உண்டு. இக்குறிப்பைப் பழந்தமிழரின் சூழலறிவுக்குச் சான்றாக உயர்த்திப் பேசுவது மிகை. சினையுற்ற வேளா வழிபாட்டுக்குக் கிடைக்கும் அளவுக்கு அன்றைய கரையோரத்தில் அறிமுகமானதாக இருந்தது என்ற அளவில் அது பயன்படும். இன்று வேளா நம் கடலில் அரிதினும் அரிது. 2001-இலேயே முதல் அட்டவணைப் பாதுகாப்பும், 2007-இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலும் அதற்குக் கிடைத்தன. ஆனால் பல்மூக்கு எந்த வலையிலும் எளிதில் சிக்கிக்கொள்ளும். வணிகத்தைத் தடுத்த ஆணைக்கு வலையைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. அது வந்தபோது காக்க எஞ்சியிருந்ததும் மிகக் கொஞ்சம்.

இவ்வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, முழுத்தடையே எளிதல்லவா என்பது. சுறாப் பிடிப்புக்கு முழுத்தடை விதித்த இடங்களில் இறப்பு குறைந்ததை முன்சொன்ன 2024-ஆம் ஆண்டு ஆய்வே ஏற்கிறது. மாலத்தீவு 2010-இல் தன் கடல் முழுவதும் சுறா பிடிப்பதைத் தடைசெய்தது. ஆனால் அங்கே சூரை மீன் தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கப்படுகிறது. அம்முறையில் சுறா சிக்குவது மிகக் குறைவு. உயிருள்ள சுறாவைக் காணவரும் சுற்றுலாப் பயணியால் வருவாயும் உண்டு. செவுள்வலையும் இழுவை மடியும் நிறைந்த இந்தியக் கரையில் முழுத்தடை, செத்த சுறாவைக் கடலிலேயே வீசச்செய்யும். காட்டுயிர்ச் சட்டத்தின்கீழ் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறைக்கு அஞ்சும் ஒருவர் தம் வலையில் விழுந்ததை யாரிடமும் சொல்லமாட்டார். அப்போது இறப்பும் தொடரும், அதைப் பற்றிய தரவும் மறையும். 2001-இல் எல்லா இனங்களுக்கும் விதித்த தடையின் ஐந்தே மாத வரலாறு, மீனவரை உடன்வைத்துக் கொள்ளாத தடை எவ்வளவு விரைவில் கரையும் என்பதையும் காட்டியது. வேளா போன்று அழிவின் விளிம்பில் நிற்கும் சில இனங்களுக்கு முழுத்தடை தேவை. அதைப் பொது விதியாக விரிப்பது கண்ணை மூடிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் மறுப்பு வாழ்வாதாரம் பற்றியது. சுறாவும் கருவாடும் எளியவர் உணவு; கட்டுப்பாட்டின் சுமை சிறு மீனவர் தலையில் விழும் என்ற அச்சம் நியாயமானது. தாய்ச்சுறா அளவுகோல் இந்தச் சுமையைக் குறைக்கவே செய்யும். விரைந்து இனம்பெருக்கும் சிறு சுறாக்களை அளவோடு பிடிக்க அது இடம்தருகிறது. தாமதமாகப் பருவமடையும் பெருஞ்சுறாக்களையும் குட்டி வளரும் ஆழமற்ற பகுதிகளையும் மட்டும் விலக்கச் சொல்கிறது. இழப்புக்கு ஈடு தந்தால் மீனவர் ஒத்துழைப்பர் என்பதற்குக் குஜராத் சான்று. ஈரல் எண்ணெய்க்காகத் திமிங்கலச் சுறாவைக் கொன்ற வேராவல் வட்டாரத்தில், 2004 முதல் நடந்த பரப்புரையும் அறுத்துவிட்ட வலைக்கான இழப்பீடும் சேர்ந்து 900-க்கும் மேற்பட்ட சுறாக்களைக் கடலுக்குத் திருப்பின. வலையை அறுத்த மீனவரே ஒளிப்படம் எடுத்துச் சான்றளிக்கலாம் என்ற ஏற்பாடு, அதிகாரிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் குறைத்தது. இம்முறையை எல்லா இனத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. கொம்பன் சுறா போன்றவை வலையில் சிக்கியதும் விரைவில் இறந்துவிடும். அவற்றை விடுவிப்பதால் பயன் குறைவு. அவற்றைப் பொறுத்தவரை, எங்கே, எப்போது வலை விரிப்பது என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: இவ்வளவு நுட்பமான மேலாண்மைக்குத் தரவு எங்கே? 2022-இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு ரெக்கியம் சுறாக் குடும்பம் முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தபின், ஏற்றுமதிக்கு முன் அது அவ்வினத்துக்குக் கேடு விளைவிக்காது என்று அறிவியல் அடிப்படையில் காட்டும் கடமை நாடுகளுக்கு வந்துவிட்டது. ஆகவே தரவு திரட்டுவது ஏற்கெனவே தவிர்க்க முடியாதது. ஆனால் அந்தக் கடமை ஏற்றுமதிக்கு மட்டும் உரியது. உள்நாட்டில் உண்ணப்படும் சுறா அக்கணக்கில் வாராது. தாய்ச்சுறா அளவுகோல் இந்த இடைவெளியை மலிவாக நிரப்பும். இறங்குதளத்தில் சுறாவை வெட்டுவோர் வயிற்றில் குட்டி இருப்பதைத் தினமும் காண்கின்றனர். கரைசேர்ந்த சுறாக்களில் சினையுற்றவை எத்தனை, தொப்புள் வடு ஆறாத குட்டிகள் எத்தனை என்று இனவாரியாக எண்ணுவதற்குப் பெரும் ஆய்வுக்கூடம் தேவையில்லை. சுறாக்களுக்கு மீனவர் வழங்கும் பெயர்கள் பல இனங்களைப் பிரித்தறியப் போதுமானவை. ஐயம் உள்ள இடத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் களப் பணியாளர்கள் உதவலாம். இக்கணக்கைச் சில ஆண்டுகள் தொடர்ந்தால், எந்தத் துறைமுகத்தில் எந்த மாதம் குட்டிகள் குவிகின்றன என்பது தெரியவரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடை மீனவர் பழகிய ஏற்பாடு. குட்டியீனும் காலமும் இடமும் அறியப்பட்டால், அதே வகையான தடையைச் சிறு பரப்புகளில், குறைந்த நாட்களுக்கு விரித்துக் கொள்ளலாம்.

சரியாக மேலாண்மை செய்யப்படும் சுறாப் பிடிப்பு உலகில் மிகக் குறைவு. உலகச் சுறாப் பிடிப்பில் ஏறத்தாழ 9 விழுக்காடே வளத்தைக் குலைக்காதது என்று 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. அந்த 9 விழுக்காடு, அளவான பிடிப்பு இயலக்கூடியதே என்பதை நிறுவுகிறது. எஞ்சிய 91 விழுக்காடு, அதை இயலச்செய்யும் ஏற்பாடு பெரும்பாலான கரைகளில் இல்லை என்பதை நிறுவுகிறது. இந்தியாவில் துடுப்புத் தடை நீடிக்கலாம், இனப்பட்டியல் தொடரலாம். அவற்றை நீக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் அவை வெற்றி பெற்றனவா என்பதைக் கைப்பற்றிய துடுப்பின் எடையாலும் பட்டியலின் நீளத்தாலும் அறிய முடியாது. இறங்குதளத்தில் அறுபடும் சுறாக்களில் சினையுற்றவற்றின் பங்கும் குட்டிகளின் பங்கும் ஆண்டுக்காண்டு குறைகின்றனவா, கடலில் பெரிய பெண் சுறாக்கள் எஞ்சுகின்றனவா என்பதே விடை தரவல்ல கேள்வி. அதை எண்ணத் தொடங்காதவரை நம் சட்டங்கள் சுறாவின் வணிகத்தை மட்டுமே ஆளுகின்றன.