எறிதலா, ஓட்டமா?

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் உதைப்பதற்குச் சிறிதளவு இடமே உண்டு. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவதும், முன்னே விரையும் சகாவுக்கு எறிவதுமே அதன் உயிர். இவ்விரண்டில் வெற்றியைத் தருவது எது என்ற விவாதம் அங்கு தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகின்றது. நாம் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் இவ்வாட்டத்தின் முடிவுகள் தொலையச்சில் வந்து நேரே குப்பைக்கூடைக்குள் விழும். நம்மவர் பிள்ளைகள் வட அமெரிக்காவில் வளரும் இந்நாட்களில் அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது.

றகர் ஆட்டத்தில் பந்தை முன்னோக்கி எறிவது குற்றம் என்பதை வாசகர்கள் அறிவர். றகரிலிருந்து பிறந்த அமெரிக்க ஆட்டத்திலும் 1906 வரை அதுவே விதி. ஓட்டம் ஒன்றே வழி என்றபடியால் வீரர்கள் திரளாகச் சேர்ந்து எதிரணியை மோதினர். தலைக்கவசம் கட்டாயமில்லை. சிகாகோ திரிபியூன் பத்திரிகையின் கணக்குப்படி 1905ஆம் ஆண்டில் மட்டும் 18 பேர் மாண்டனர். பலர் பாடசாலை மாணவர். அவ்வாண்டு ஒக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. மறுவருடம் முன்னோக்கிய எறிதல் விதிகளுள் இடம்பெற்றது. எறிதல் இவ்வாட்டத்துள் நுழைந்தது உயிர்காக்கும் ஏற்பாடுகளுள் ஒன்றாகவே. வெற்றிக்கான தந்திரமாக அன்று.

1906 செப்ரெம்பர் 5இல் சென் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிரட்பரி றொபின்சன் முதலாவது சட்டபூர்வமான எறிதலை எறிந்தார். அது எவர் கையையும் சேரவில்லை. அன்றைய விதிப்படி பந்து எதிரணிக்குப் போயிற்று. 1913இல் நொட்ர டேம் கல்லூரி, வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியை எறிதலால் 35-13 என வீழ்த்தியபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

ஆயினும் பயிற்றுநர்களின் மனம் எளிதில் மாறவில்லை. எறிந்தால் மூன்று நடக்கலாம், அவற்றுள் இரண்டு தீயவை என்பது அவர்களிடையே வழங்கிய வாசகம். 1974 ஜனவரியில் நடந்த சுப்பர் போல் இறுதியாட்டத்தில் மயாமி அணி ஏழே தடவைதான் எறிந்தது. 24-7 என வென்றது. வென்ற அணிகளே அதிகம் ஓடியிருக்கின்றன என்ற கணக்கையும் ஓட்டத்தின் பக்கத்தார் காட்டுவர். இதை நான் ஏற்பதில்லை. பிடிபடாத எறிதல் கடிகாரத்தை நிறுத்திவிடும். ஓட்டமோ பெரும்பாலும் அதை ஓடவிடும். முன்னணியில் உள்ள அணி நேரத்தைக் கடத்தவே ஓடுகின்றது. குடைகள் விரிந்ததால் மழை பெய்தது என்று எவரும் சொல்வதுண்டா?

இதைக் கணிதத்தால் அணுகியவர்களுள் ஒருவர் ஆட்டக்காரர் என்பது சுவையான செய்தி. சின்சினாற்றி அணியில் பந்தெறிந்த வேர்ஜில் காட்டர், பேராசிரியர் றொபேட் மக்கோலுடன் சேர்ந்து, மைதானத்தின் ஒவ்வோரிடத்திலும் பந்து கையிலிருப்பது எத்தனை புள்ளிகளுக்குச் சமம் என்று கணித்து 1971இல் ஆய்விதழொன்றில் வெளியிட்டார். அதே காட்டரின் புயம் நெடுந்தூர எறிதலுக்குப் போதாது. அணியின் உதவிப் பயிற்றுநர் பில் வோல்ஷ் அவருக்காகவே குறுந்தூர எறிதல்களைக் கொண்ட முறையொன்றை வகுத்தார். ஓட்டம் செய்யும் வேலையை எறிதலே செய்தது. பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் அம்முறையை வளர்த்து மூன்று சுப்பர் போல் கிண்ணங்களை வோல்ஷ் வென்றார். 1978இல் தற்காப்பு வீரர்களின் கைகளைக் கட்டிய விதித்திருத்தங்களும் எறிதலுக்குத் துணையாயின.

1984இல் இரு சாதனைகள் ஒருங்கே நிகழ்ந்தன. எரிக் டிக்கேர்சன் 2,105 யார் ஓடினார். டான் மரீனோ 5,084 யார் எறிந்தார். டிக்கேர்சனின் அணி கிண்ணச்சுற்றின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. மரீனோவின் அணி இறுதிவரை சென்று, வோல்ஷின் அணியிடம் 38-16 எனத் தோற்றது. எறிதலை வென்றது வேறொரு எறிதல்.

2024ஆம் ஆண்டுப் பருவத்தில் பிலடெல்பியாவின் சேக்குவன் பார்க்லி 2,000 யாரைக் கடந்து ஓடியபோது ஓட்டத்தின் காலம் திரும்பிவிட்டதாகப் பலரும் எழுதினர். 2025 பெப்ரவரி இறுதியாட்டத்தில் கன்சாஸ் சிற்றி அணி அவரை 25 ஓட்டங்களில் 57 யாருக்குள் மறித்துவிட்டது. பிலடெல்பியாவின் ஜேலன் ஹேர்ட்ஸ் 22 தடவை எறிந்தார். அவற்றுள் 17 உரிய கைகளைச் சேர்ந்தன. பிலடெல்பியா 40-22 என வென்றது.