பெண்கள் ஆடிய பந்து – 11: ஐந்து கோல் விழுந்த நாள்

சென்ற வாரம் கதையை 2009-ல் நிறுத்தியிருந்தோம். 18 மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை என்று இந்தியப் பெண்கள் அணியின் பெயரையே ஃபிஃபா தன் தரவரிசையிலிருந்து எடுத்துவிட்டது. 1980-ல் கோழிக்கோட்டிலும் 1983-ல் பாங்காக்கிலும் ஆசியப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்த நாட்டுக்கு இந்த நிலை. ஆடுவதற்குப் பெண்கள் இருந்தார்கள், ஆட்டம் வைக்கத்தான் ஆள் இல்லை.

அந்த வருஷங்களில் டெல்லியில் ஒரு பள்ளி மாணவி கூடைப்பந்தும் கராத்தேயும் பழகிக்கொண்டிருந்தார். பெயர் அதிதி சௌஹான். கால்பந்தில் கோல்கீப்பர் தேர்வுக்குப் போய்ப் பார் என்று அனுப்பிவைத்தவர் பள்ளிப் பயிற்சியாளர். 15 வயதில் டெல்லியின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைத்தது.

கூடைப்பந்துப் பெண் எப்படிக் கோல்கீப்பர் ஆக முடியும்? பீளமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பி.எஸ்.ஜி. கோப்பையோ, பெண்களுக்கான சி.ஆர்.ஐ. கோப்பையோ பார்த்தவர்கள் ஒரு ரீபவுண்டை நினைத்துப் பாருங்கள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு நான்கு பேர் ஒன்றாக எம்புவார்கள். கெட்டிக்காரப் பெண் பந்து கீழே இறங்கும்வரை காத்திருக்க மாட்டாள். தன் கை எட்டும் உச்சியிலேயே இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை அகட்டி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குவாள். கார்னர் கிக்கில் கோல்கீப்பர் செய்ய வேண்டியதும் அதேதான். ஆனால் தரையோடு வரும் பந்து வேறு வித்தை. 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம் உள்ள கோலின் நடுவில் நிற்பவள், எதிராளி நெருங்க நெருங்க முன்னால் வந்து அவள் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியைக் குறுக்க வேண்டும். ஒரு அடி முந்தினால் தலைக்கு மேலே தூக்கிவிடுவாள், ஒரு அடி பிந்தினால் ஓரமாகத் தட்டிவிடுவாள். இதைச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பயிற்சியாளர் வேண்டும். பெண்கள் அணிகளுக்கு அன்று அது பெரிய ஆடம்பரம்.

டெல்லி ஜீசஸ் அண்டு மேரி கல்லூரியில் பட்டப்படிப்பு. பிறகு விளையாட்டு மேலாண்மை படிக்க இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகம். அங்கே பல்கலைக்கழக அணிக்கும் அவர்தான் கோல்கீப்பர். அதற்குப் பிறகுதான் வெஸ்ட் ஹாம் யுனைடெட் பெண்கள் அணிக்கு வழி திறந்தது.

2015 ஆகஸ்ட் 16. எதிரணி கோவென்ட்ரி. இங்கிலாந்து லீக் ஆட்டத்தில் முதல் இந்தியப் பெண்ணாக இறங்கிய அன்றைக்கே வலைக்குள் ஐந்து பந்து. 0–5. அதே பருவத்தில் விசா விதிகள் குறுக்கே வந்து, சில காலம் ஆடவே முடியாமலும் போனது. அத்தோடு ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. மறுபடி அணிக்குள் வந்தார்.

அந்த ஐந்து கோலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முதல் இந்தியப் பெண் என்ற பட்டம் அன்று மைதானத்தில் கால் வைத்ததுமே வந்துவிட்டது. நம் பெண்களுக்கு உண்மையில் உதவியது அதற்குப் பிறகும் அவர் பயிற்சிக்குப் போனதுதான்.

நம்மூருக்கு வருவோம். 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று ஐ-லீக் பட்டம் வாங்கியதைக் கோவையில் இன்றும் பேசுகிறோம். 13 நாள் கழித்து, மார்ச் 22-ல், நேபாளத்தின் விராட்நகரில் இந்தியப் பெண்கள் நேபாளத்தை அதே 3–1 கணக்கில் வென்று தெற்காசியக் கோப்பையைத் தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கைப்பற்றினார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது ஞாபகம்? அதே ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா அதே பட்டத்தை எடுத்தது. இறுதி ஆட்டத்தில் 3–2. கோகுலத்தின் கோலில் அதிதி.

இதற்குள் டெல்லிப் பக்கம் 'ஷீ கிக்ஸ்' என்ற பயிற்சிக்கூடத்தையும் அவர் தொடங்கிவிட்டிருந்தார். தான் ஆடிக்கொண்டிருக்கும்போதே சின்னப் பெண்களை மைதானத்துக்குக் கூட்டிவருவது சாதாரணக் காரியமில்லை. பொதுவாக நம் வீராங்கனைகள் ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை கிடைத்ததும் நிம்மதி அடைவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வீட்டுக்கு அந்தச் சம்பளம் வேண்டும். அதிதி படித்த மேலாண்மைப் படிப்பு இங்கேதான் வேலை செய்தது. பெண் கால்பந்தைத் தொழிலாக நடத்தலாம் என்று அவர் நடத்திக் காட்டினார்.

2022 ஜனவரி. ஆசியக் கோப்பை இந்தியாவில். 2003-க்குப் பிறகு நம் பெண்கள் அந்த மேடையில் நிற்பது இப்போதுதான். அணியில் மூன்று கோல்கீப்பர்கள்: அதிதி, மணிப்பூரின் லிந்தோயிங்கம்பி தேவி, தமிழ்நாட்டின் சௌமியா நாராயணசாமி. 2009-ல் பெயரே இல்லாத நாட்டுக்கு இப்போது ஒருவருக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஜனவரி 20-ல் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் ஈரானோடு 0–0. வெல்ல வேண்டிய ஆட்டம் கை நழுவியது. ஆனாலும் அடுத்து சீன தைபேயை வென்றால் உலகக் கோப்பைக்கான பாதை இன்னும் திறந்தே இருக்கும்.

ஜனவரி 23. தைபே அணி தயார். இந்திய அணி தங்கியிருந்த ஓட்டலுக்கு கொரோனா பரிசோதனை முடிவுகள் வருகின்றன. பாசிட்டிவ். அடுத்ததும் பாசிட்டிவ். மேலும் மேலும் அதே முடிவு. ஆட்டம் நடக்க வேண்டுமானால் போட்டி விதிப்படி குறைந்தது 13 வீராங்கனைகளின் பெயரைக் கொடுத்தாக வேண்டும். பயிற்சியாளர் தாமஸ் டென்னர்பி எழுத உட்கார்ந்தால், எத்தனை பெயர் மிஞ்சும்?

(அடுத்த வாரம்)